மூடி வைத்த மாதா

பாலக்கரையில் அந்தத் தெரு முனையில் அடைக்கல மாதாவுக்கு ஒரு சின்னக்கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. 1954ஆம் வருஷம். அது மாதாவின் ஆண்டு என்று ரோமாபுரியிலிருந்தே அறிவிப்பு வந்திருந்ததால் தெருக்காரர்கள் உற்சாகமாக ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். ஒருவர் செங்கல் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் மணி வாங்கித் தருவதாக ஏற்றுக்கொண்டார். பீடத்துக்குப் பின்சுவரில் மாட்ட மாதா படம் ஒன்று வேண்டுமே என்று பங்குச் சாமியார் சொன்னதும் கூட்டத்தில் அமிர்தராஜ் எழுந்து நின்றார்.

"படத்த எங்க வீட்ல வரைஞ்சு குடுத்துருவாங்க சாமி. கடையில வாங்குற அச்சுப் படம் எதுக்கு? நம்ம மாதாவ நம்ம கையால வரையலாம்."

எல்லோரும் திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த அவர் மனைவி லூர்துராணி முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள். அவளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. ஆனால் இல்லை என்று எழுந்து சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லப்போனால், அந்த நிமிஷத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிற்பாடு அதை நினைத்துத்தான் அவளுக்கு அதிக வெட்கமாக இருந்தது.

லூர்துராணி பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் டீச்சர். கரும்பலகையில் குடம், கத்தரிக்காய், வாழைப்பூ என்று வரைந்து காட்டுவாள். கண் முன்னால் ஒரு பொருள் இருந்தால் போதும், அவள் கை பிசகாது. படம் பார்த்துப் படம் வரைவதிலும் கெட்டிக்காரி. முன்னால் எதுவுமே இல்லாமல் தானாக ஒன்றை வரைந்தாளா என்று கேட்டால், இல்லை. அதை யாரும் கேட்டதுமில்லை.

பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த அமிர்தராஜ் மெட்ராஸுக்குச் சொல்லி அனுப்பி, சட்டத்தில் இழுத்து அடித்த கான்வாஸ் ஒன்றை வரவழைத்தார். ஆள் உயரம் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து அவரும் கூட்டாளிகளும் அதைத் தலையில் வைத்துத் தெரு வழியே கொண்டுவந்தபோது வாசல் வாசலாக ஆட்கள் வந்து பார்த்தார்கள். முன்னறையில் பெஞ்சு மேல் ஏற்றி, சுவரோடு சாய்த்து வைத்தார்கள்.

"இனிமே உன் பாடு, மாதா பாடு" என்றார் அமிர்தராஜ் சிரித்துக்கொண்டே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வெளியே போனபின் லூர்துராணி கரித்துண்டை எடுத்துக்கொண்டு கான்வாஸ் முன்னால் நின்றாள். அச்சுப் படத்தைப் பார்த்துப் போட வழியில்லை, அது வேண்டாமென்றுதான் அவர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். நெற்றி எங்கே வர வேண்டும் என்று கையால் அளந்து பார்த்தாள். ஒரு வளைவு போட்டாள். அது நினைத்த இடத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. துணியால் துடைத்தாள், சாம்பல் நிறத்தில் பரவியது. ஈரத்துணியால் துடைத்தாள். காய்ந்த பிறகு மற்றவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அவளுக்கு மட்டும் அந்த இடத்தில் ஒரு நிழல் தெரிந்துகொண்டே இருந்தது.

காகிதமென்றால் கிழித்து எறிந்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். இதைக் கிழிக்க முடியாது. தெருவே பார்க்க வந்து இறங்கிய பொருள். அத்தனை பெரிய வெள்ளைக்கு முன்னால் நிற்க நிற்க, தான் எதையாவது தொட்டால் அது கெட்டுத்தான் போகும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டு, அமிர்தராஜின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து மேலிருந்து கீழ்வரை மூடிவிட்டாள்.

சாயங்காலம் அவர் வந்து கேட்டார். "ஆரம்பிச்சிட்டியா?"

"ஆரம்பிச்சிட்டேன். முடியறவரைக்கும் யாரும் பாக்கக் கூடாதுங்க. நீங்களும்தான்."

"நான் ஏன் பாக்கப் போறேன்?" என்றார் அவர். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். முன்னறையைக் கடக்கும்போது தலையைக் கூட அந்தப் பக்கம் திருப்ப மாட்டார்.

அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. அதற்கடுத்ததும். அவர் வெளியே போனதும் வேட்டியை விலக்குவாள். கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். "எதுவரைக்கும் வந்திருக்கு ராணி?" என்று அவர் கேட்டால், "முகம் முடிஞ்சிருச்சு" என்றாள் ஒருநாள். "நீல முக்காடு ரெண்டாவது தடவை பூசணும்" என்றாள் இன்னொரு நாள். அவர் அதை அப்படியே ஒர்க் ஷாப்பில் போய்ச் சொல்லுவார். கோயில் வாசலில் சொல்லுவார். ஒரு பொய் சொல்லிவிட்டு அதற்குத் துணையாக அவள் செய்த காரியம்தான் இன்னும் கேவலம். அவர் வருகிற நேரத்துக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் சாயம் கரைக்கிற டர்பென்டைனை ஊற்றி முன்னறையில் வைத்துவிடுவாள். விரலில் கொஞ்சம் நீலத்தை அப்பிக்கொள்வாள். அவர் உள்ளே நுழைந்ததும் மூச்சை இழுத்து, "வீடே சித்திரக்காரர் வீடு மாதிரி மணக்குது" என்பார் சந்தோஷமாக. அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே தட்டில் சோற்றைப் போடுவாள்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் அரைநாள். வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். முன்னறையில் மெழுகுவர்த்தி எரிந்தது. வேட்டி மூடிய கான்வாஸுக்கு முன்னால் ஒரு பெண் முழங்காலில் நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு வியாகுலம்மாள். காலையில் ஆப்பம் சுட்டு விற்று வாழ்கிற விதவை. வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். சத்தம் கேட்டுத் திரும்பியவள் பதறி எழுந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். துணியத் தொடவே இல்ல. சத்தியமா."

"இங்க வந்து ஏம்மா..."

"மூடியிருந்தா என்ன, மாதா மாதாதானே? உள்ள இருக்காங்கல்ல." வியாகுலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மக ஏழாம் மாசத்துல வந்திருக்கா. முன்னாடி ரெண்டும் தங்கல, உங்களுக்குத்தான் தெரியுமே. பெரிய கோயில்ல எத்தன பேரு நிக்கிறாங்க, நான் சொல்றது மாதா காதுல விழுமான்னு இருக்கு. இங்க யாருமில்ல. நானும் அவங்களும்தான். டெய்லி வந்து கொஞ்ச நேரம் அழுதுட்டுப் போறேன். மனசு லேசாகுது."

"டெய்லியா?"

"நீங்க ஸ்கூலுக்குப் போனதும் வருவேன்."

அப்போதே லூர்துராணி உண்மையைச் சொல்லியிருக்கலாம். "மெழுகுவர்த்திய மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்கம்மா, துணி பத்திக்கப் போகுது" என்றாள். அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தாய் தினமும் வந்து ஒரு வெற்றுத் துணியிடம் அழுதுவிட்டுப் போகிறாள். அந்த ஏமாற்று வேலையைச் செய்தது தன் கை.

படம் எப்படியாவது வந்தாக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். தன்னால் முடியாது, முடிகிற ஒருவரால் வரட்டும். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒருமுறை நாடகப் படுதா எழுதிக்கொடுத்த அழகிரி நாயுடு அவள் நினைவுக்கு வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர். அங்கே இவளைத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

அடுத்த சனிக்கிழமை, உடன் வேலை பார்க்கும் டீச்சரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். காவேரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் பாலத்தின் மேல் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவள் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கீழச் சித்திரை வீதியில் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். அழகிரி நாயுடு சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்து, ஏதோ ஒரு கடைக்காகப் பெருமாளும் தாயாரும் எழுதிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். அவளை அடையாளம் கண்டுகொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்கம்மா. ஸ்கூல்ல மறுபடியும் டிராமாவா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெருமாளின் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"இதுக்கா இவ்வளவு தயங்கறீங்க? எழுதித் தரேன். கீழ உங்க பேரையே போட்டுக்குங்க. நான் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான் அவளைச் சுட்டது. இந்த வாசலுக்குத் தன்னைப் போல எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். அதில் தானும் ஒருத்தி. இருந்தாலும் எழுந்து போகவில்லை.

அவர் ஒரு பழைய காகிதத்தை எடுத்துப் பலகை மேல் விரித்தார். "மாதான்னா காலண்டர்ல வருவாங்களே, அந்த முகந்தானே?" என்று கேட்டுக்கொண்டே கரித்துண்டால் போட ஆரம்பித்தார். கண் மூடித் திறப்பதற்குள் முகம் வந்துவிட்டது. நீள மூக்கு, சின்ன வாய், குனிந்த பெரிய கண்கள். அழகாகத்தான் இருந்தது.

"இது இல்லைங்க" என்றாள் லூர்துராணி.

"எது இல்ல?"

"கண்ணு. இவங்க ராத்திரி நல்லாத் தூங்கி எழுந்த மாதிரி இருக்காங்க. அடைக்கலம்னு வர்றவங்களுக்காக முழிச்சுக்கிட்டே இருக்கிறவங்க இல்லையா? கண்ணுக்குக் கீழ வீங்கியிருக்கணும்."

அவர் கண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

"அப்படி இல்ல. வயசு காட்டணும். கன்னம் இவ்வளவு நெறைஞ்சு இருக்கக் கூடாது. வாயி... அழுகைய அடக்கின வாயி, இப்படிச் சிரிக்காது" என்று சொல்லிக்கொண்டே அவர் கையிலிருந்த கரித்துண்டை வாங்கி, அவர் போட்ட கன்னத்தின் மேலேயே அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். விரலால் தேய்த்தாள். தாடையைக் குறைத்தாள். இமையைக் கனக்க வைத்தாள். கை நடுங்கவில்லை. தப்பாக ஏதோ ஒன்று முன்னால் இருந்தது, அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். காகிதமெல்லாம் கரியாகி, அவர் போட்ட அழகான முகம் மறைந்து, அதனடியிலிருந்து வேறொருத்தி பார்த்தாள்.

அழகிரி நாயுடுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, உங்களுக்கே இவ்வளவு தெரியும்னா வீட்லயே வரைஞ்சுக்க வேண்டியதுதானே? வேலைய விட்டுட்டு உக்காந்திருக்கேன். என்னை எதுக்குங்க இழுத்தடிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, துண்டை உதறிக்கொண்டு பெருமாளிடம் திரும்பிவிட்டார்.

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் காதில் வாங்கினாரோ என்னவோ. கரி படிந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் வரும்போது அந்தக் கறுத்த காகிதத்தைப் பற்றியே யோசித்தாள். அதன் மேல் கை வைக்கத் தனக்கு ஏன் பயமே வரவில்லை என்று யோசித்தாள்.

வீட்டு வாசற்படியில் வியாகுலம்மாள் உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்திருந்தது.

"என்னம்மா ஆச்சு? மகளுக்கு ஏதாச்சும்..."

"மக நல்லாத்தான் இருக்கா." வியாகுலம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான் ஒரு பாவம் செஞ்சிட்டேன் டீச்சர். ஜெபம் முடிஞ்சு துணிய முத்தி செய்ய உதட்டக் கொண்டுபோனேன். சரிஞ்சு விழுந்திருச்சு. வேணும்னு இழுக்கல. கண்ணத் தொறந்து பாத்தேன்..." அவள் உள்ளே கை காட்டினாள். "ஒண்ணுமே இல்ல. வெள்ளையா இருக்கு. நீங்க முகம் முடிச்சாச்சு, முக்காடு பூசியாச்சுன்னு அமிர்தராஜ் அண்ணன் சொல்லிச்சே. எல்லாருக்கும் தெரியப்போற மாதா, என் பாவக் கண்ணுக்கு மட்டும் மறைஞ்சிட்டாங்க. என் மகளக் கைவிட்டுட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

சும்மா இருந்தால் போதும். இந்த அம்மாள் யாரிடமும் சொல்லமாட்டாள். தன் பாவம் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வாள். ஒரு நொடி அந்த எண்ணம் லூர்துராணிக்குள் வந்தது. வந்ததே என்று பிற்பாடு பல வருஷம் அவள் கூசிப்போனதுண்டு.

"அம்மா, உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல" என்றாள். "அங்க ஒண்ணுமே இல்ல. நான் வரையவே இல்ல. முகமும் இல்ல, முக்காடும் இல்ல. எல்லாம் நான் சொன்ன பொய்."

வியாகுலம்மாளுக்கு ஆறுதல் வரும் என்று லூர்துராணி நினைத்தாள். வந்தது கோபம்.

"அப்ப இத்தன நாளா நான் யாருகிட்ட அழுதேன்?"

லூர்துராணி பார்வையைத் தாழ்த்தினாள்.

"மெழுகுவர்த்திய தள்ளி வைன்னு சொன்னீங்களே டீச்சர். அன்னிக்கு, உள்ள ஆளில்லன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" அவள் எழுந்தாள். சாவியைப் படியில் வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

லூர்துராணி குனிந்து சாவியை எடுக்கும்போதுதான் பின்னால் அமிர்தராஜ் நிற்பது தெரிந்தது. சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. எல்லாம் கேட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவர் உள்ளே போனார். வெள்ளைக் கான்வாஸையும் தரையில் கிடந்த தன் வேட்டியையும் பார்த்தார். "டர்பென்டைன் வாசன வந்துச்சே ராணி" என்றார்.

"நான்தான் கிண்ணத்துல ஊத்தி வெச்சேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, "ஒர்க் ஷாப்பே என்னை வந்து கேக்கும்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும் நான்" என்றார். அன்றைக்கு இருவரும் சாப்பிட்டது பேருக்குத்தான். அதற்குப் பிறகு பல நாள் அவர் அவளிடம் மனம்விட்டுப் பேசவில்லை.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து சாமியார் வெளியே வந்ததும் லூர்துராணி அவர் முன்னால் போய் நின்றாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருக்க அவளுக்குத் தைரியமில்லை. காத்திருந்தால் சொல்லாமலே போய்விடுவோம் என்று பயந்தாள்.

"தோத்திரம் சாமி. படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. வளந்துகிட்டு வருதுன்னு சொன்னதெல்லாம் பொய். வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவர யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்."

பின்னால் யாரோ ஒரு பெண் 'ச்சு' கொட்டினாள். இன்னொருத்தி சிரித்தாள். காது மடல் எரிய, லூர்துராணி தரையைப் பார்த்து நின்றாள்.

சாமியார் கொஞ்சம் யோசித்தார். "பாவசங்கீர்த்தனத்துல என் காதுல சொல்ல வேண்டியத வாசல்ல நின்னு சொல்றியேம்மா. சரி. செப்டம்பர்ல மாதா திருநாள் வருது. அதுக்குள்ள ஆகுமா?"

"தெரியல சாமி."

அந்தப் படத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் உண்மையான பதில் அது.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றவில்லை. பழுப்புச் சாயத்தைக் கிண்ணத்தில் பிதுக்கி, டர்பென்டைனை விட்டுத் தண்ணீராகக் கரைத்தாள். வேட்டியைக் கிழித்து அதில் தோய்த்து, கான்வாஸின் நடுவில் ஓங்கித் தேய்த்தாள். சாயம் கோடு கோடாக வழிந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது, மூடவில்லை. மேலும் கீழும் பக்கவாட்டிலும் தேய்த்துக்கொண்டே போனாள். ஒரு விரற்கடை வெள்ளை விடாமல் முழுதும் சேற்றுத் தண்ணீர் நிறமாகும்வரை தேய்த்தாள். இனிமேல் கெடுவதற்கு அதில் எதுவுமில்லை. ஸ்ரீரங்கத்துக் காகிதம் போலத்தான் இதுவும். அழுக்கான ஒன்று, சரிசெய்ய வேண்டிய ஒன்று.

சுத்தமான துணியை எடுத்து, நெற்றி வரவேண்டிய இடத்தில் ஈரச் சாயத்தைத் துடைத்து எடுத்தாள். அந்த இடம் வெளிறியது. கன்னத்தைத் துடைத்தாள். மூக்கின் தண்டைத் துடைத்தாள். கோணலாகத்தான் வந்தது. மறுபடி சாயத்தைத் தடவி, மறுபடி துடைத்தாள்.

"துணி போட்டுறாதீங்க" என்று ஒரு குரல் கேட்டது.

வியாகுலம்மாள் நிலைப்படியில் நின்றாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"கோயில்ல நீங்க சொன்னதக் கேட்டேன். இனிமே நீங்க வரையறத நான் என் கண்ணால பாக்கணும். சாயங்காலம் சாயங்காலம் வந்து இங்க உக்காந்திருப்பேன். வேணாம்னு சொல்லாதீங்க."

"வாங்கம்மா" என்றாள் லூர்துராணி.

சொன்னபடியே தினமும் வந்தாள். கான்வாஸுக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, காவல்காரி போல அவள் கையையே பார்ப்பாள். வேலை கோணிப்போன நாட்களில் லூர்துராணிக்குத் துணியைப் போட்டு மூட வேண்டும் என்று கை பரபரக்கும். அந்த அம்மாள் இருப்பதால் மூட முடியாது. போகிற வருகிறவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். "மூக்கு ஒரு பக்கமா இருக்கே" என்றார்கள். "இன்னும் ஆரம்பத்துலதான் இருக்கா?" என்று அமிர்தராஜிடம் கேட்டார்கள். "ஆமா, ஆரம்பத்துலதான் இருக்கு" என்றார் அவர்.

அவர் இப்போது படத்தைப் பார்த்தார். ஒரு நாள் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "மாதா கை சரியா வரல ராணி" என்றார். வரவில்லைதான். அதற்கு முன் அவர் அவளுடைய எந்த வேலையையும் குறை சொன்னதில்லை. அது அவளுக்கு வலித்தது. ஆனால் அவர் மறுபடி தன்னிடம் பேச ஆரம்பித்துவிட்டார் என்பதும் அதில் இருந்தது.

செப்டம்பர் திருநாளுக்குப் படம் முடியவில்லை. சின்னக்கோயிலை வெறும் சுவரோடுதான் தீர்த்தம் தெளித்து மந்திரித்துத் திறந்தார்கள். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு பூசை முழுவதும் முழங்காலில் நின்றாள் லூர்துராணி. அந்த மாதக் கடைசியில் வியாகுலம்மாளின் மகள் செல்வமேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, சில நாள் பயமாக இருந்து, பிறகு பால் குடிக்க ஆரம்பித்தது.

அக்டோபரில் படத்தை மாட்டினார்கள். மாதாவின் கைகள் அப்போதும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தன. சாமியார் அந்த முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வியாகுலம்மாளைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். வீங்கிய இமை, அழுகையை அடக்கிய வாய். லூர்துராணி வேண்டுமென்று செய்யவில்லை. கண் முன்னால் இருப்பதை வரைந்தே பழகிய கை; தினமும் கண் முன்னால் இருந்தது அந்த முகம்.

சில வாரம் கழித்து, வியாகுலம்மாள் சின்னக்கோயில் பக்கமே வருவதில்லை என்பதை லூர்துராணி கவனித்தாள். ஆப்பம் வாங்கும் சாக்கில் போய்க் கேட்டாள்.

"இன்னும் என் மேல கோவமாம்மா?"

"கோவமெல்லாம் எப்பவோ போச்சு டீச்சர்." வியாகுலம்மாள் சட்டியைச் சுழற்றி மாவைப் பரப்பி மூடினாள். "நீங்க நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. ஊரே சொல்லுது. ஆனா நான் எப்படி அங்க முட்டி போடுறது? நிமிந்தா நானே என்னப் பாக்குறேன். என் கஷ்டத்த என்கிட்டயே சொல்லி என்ன பிரயோசனம்? பெரிய கோயிலுக்கே போயிக்கிறேன்."

அவள் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் லூர்துராணி தட்டை ஏந்தியபடி நின்றாள். முதலில் ஒன்றுமில்லாத இடத்தில் இந்த அம்மாளை அழவிட்டோம். இப்போது படம் இருந்தும் அவள் மண்டியிட ஒரு இடமில்லாமல் செய்துவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சாமியார்கிட்டச் சொல்லி இன்னொரு படம் வரைஞ்சு மாட்டட்டுமாம்மா? வேற முகமா?"

வியாகுலம்மாள் மூடியைத் திறந்து ஆப்பத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள். "அத எதுக்குக் கழட்டணும்? மத்தவங்களுக்கு அது மாதாதானே. வேணும்னா எனக்கு ஒண்ணு சின்னதா வரைஞ்சு குடுங்க. வீட்டுல மாட்டிக்கறேன்."

"யாரு முகமா இருக்கணும்?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்கதான் பாத்து வரையணும்" என்றாள் வியாகுலம்மாள். "ஆனா இங்க கொண்டாந்து வரைங்க. நான் மாவு ஊத்திக்கிட்டே பாத்துக்கிட்டிருப்பேன்."